ஒய். இசட். காமி: ஃபோட்டோ பார்த்து வரைந்தால் ஓவியர் இல்லையா?

கோட்டோவியன்: வேறொரு இழையில் ஒருவர் "காமி ஃபோட்டோவைப் பெரிதாக்கி விற்கிறவர், ஓவியரே இல்லை" என்று எழுதியிருக்கிறார். எரிச்சல் அடங்கவே இல்லை. காமி 1956ல் ஈரானின் டெஹ்ரானில் பிறந்தவர். அம்மாவே உருவப்பட ஓவியர்; சின்ன வயதில் அவரிடம்தான் வரையக் கற்றார். பாரிஸில் தத்துவம் படித்துவிட்டு 1984ல் நியூயார்க் போனார். இத்தனை வருடமாக மனித முகத்தையே வரைகிறவரை ஒரு வரியில் தூக்கி எறிவதா?

கரிக்கட்டை: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். ஃபோட்டோ பார்த்து வரைகிறாரா, இல்லையா?

கோட்டோவியன்: பார்த்துத்தான். பெரும்பாலும் அவரே எடுத்த ஃபோட்டோ. அப்புறம் அந்த ஓவியத் துணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆளைவிட உயரமான முகம். எண்ணெய் வண்ணம்தான், ஆனால் பளபளப்பே கிடையாது. பழைய சுவரோவியம் போலக் காய்ந்த பரப்பு. கன்னம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கிட்டே போகப் போக முகம் நழுவுகிறது. எந்த கேமரா இதைச் செய்யும்?

கரிக்கட்டை: ஃபோகஸ் தவறினால் என் மொபைலே செய்யும்.

வைகைக்கரை: ரோமானியர் கால எகிப்தில் இறந்தவர் முகத்தை மரப்பலகையில் வரைந்து மம்மிகளோடு வைத்த ஃபயூம் ஓவியங்களைப் பாருங்கள். காமிக்குப் பிடித்தமானவை. அங்கே விழித்த பெரிய கண்கள். இவர் வரைந்த பல முகங்களில் கண் மூடியிருக்கிறது. பிரார்த்தனையில் இருப்பவர் முன் நிற்பது போல இருக்கும்.

கரிக்கட்டை: ஃபயூம் காலத்தில் கேமரா இல்லை. நன்றி. காமியின் 'இன் ஜெருசலேம்' ஓவியம் 2007 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் இருந்தது. அது பத்திரிகை ஃபோட்டோவைப் பார்த்து வரைந்தது. அவர் எடுத்ததுகூட இல்லை!

கோட்டோவியன்: அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஜெருசலேமில் தன்பாலின ஈர்ப்பாளர் விழாவை எதிர்க்க யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதத் தலைவர்கள் ஒன்றுகூடினார்கள். வேறெதற்கும் எளிதில் ஒன்றுசேராதவர்கள். பத்திரிகையில் அது ஒரு நாள் செய்தி. இவர் அந்த முகங்களை ஆளுயரத்துக்கு மேல் நிறுத்தி, நம்மை அவர்கள் எதிரே நிற்க வைத்தார். கண்டித்து ஒரு கோடுகூட இல்லை. இதைப் போய் நகல் என்பீர்களா?

கரிக்கட்டை: ஃபோட்டோ பார்த்து வரைந்ததற்கு நகல் என்றுதான் பெயர்.

தூரிகைத்தம்பி: கோட்டோவியன் அண்ணே, போன மாதம் என் பென்சில் படத்தை "ஜெராக்ஸ்" என்று சொன்னது நீங்கள்தானே? அதுவும் ஃபோட்டோ பார்த்து வரைந்ததுதான். ஈரானியருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

கோட்டோவியன்: தம்பி, அது நடிகர் படம். ஒவ்வொரு முடியையும் எண்ணி வரைந்திருந்தீர்கள், முகத்தில் ஆள் இல்லை. இப்போதும் அதையே சொல்வேன்.

தூரிகைத்தம்பி: ஆள் இல்லையா? அந்தப் படத்துக்கு இந்தக் குழுவில்தான் முதல் பரிசு கொடுத்தார்கள்.

கரிக்கட்டை: கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தம்பி படத்தில் மூக்காவது தெரிந்தது.

வைகைக்கரை: அந்தப் போட்டியில் வாட்டர்கலரைச் சேர்க்கவே விடவில்லை. அதற்கு யார் காரணம் என்று கரிக்கட்டை சொல்வாரா?