‘வெக்கை’ நாவலைப் படித்துவிட்டு, அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

கோவில்பட்டிக்காரன்:
எனக்குப் புத்தகம் முதலில், படம் பிறகு. பூமணியின் நாவல் 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். பழிவாங்கல் என்று பார்த்தால் ஆரம்பத்திலேயே கதை முடிந்தது. மிச்சப் பக்கமெல்லாம் அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான். தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைத் தின்று பசியாறலாம், இன்றைக்கு ராத்திரி எங்கே படுக்கலாம், இவ்வளவுதான் விஷயம். அதற்குள்ளேயே பையன் கண்முன்னால் ஆளாகிவிடுவான். எங்கள் பக்கத்து வெயில் தெரிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பே போதும்.

2019இல் வெற்றிமாறன் படத்தை முதல் வாரமே பார்த்தேன். இடைவேளைக்கு முன்னால் வரும் சண்டையில் தியேட்டரே எழுந்து நின்றது. விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் நானும் அடித்திருப்பேன். நாவலில் அப்படி ஒரு சண்டை கிடையாது. அய்யா சிவசாமியின் இளமைக் காலக் கதையும் படத்துக்காகச் சேர்த்ததுதான். சிவசாமி கட்டிக்கொள்ள இருந்த மாரியம்மாளைச் செருப்பைத் தலையில் சுமக்க வைக்கிற இடமும் குடிசைகள் எரிகிற இடமும் அதில்தான் வருகின்றன. எரிகிற குடிசையைப் பார்த்ததும் 1968இல் கூலி விவசாயிகளைக் குடிசையோடு எரித்த கீழவெண்மணி நினைவுக்கு வராதவர் இருக்க மாட்டார்கள். சேர்த்ததில் எனக்குக் குறை இல்லை, படத்துக்கு அதுதான் பலம்.

என் வருத்தம் சிதம்பரத்தைப் பற்றித்தான். நாவலில் கதை அவன் தோளில் நடக்கிறது. கடைசியில் அப்பனும் மகனும் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகிறார்கள். படத்தில் பழியை அப்பா ஏற்றுக்கொள்கிறார், பையன் ‘நல்லாப் படி’ என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். சொன்ன அறிவுரை நல்ல அறிவுரைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டியவன் அவன். அந்தப் பாரத்தை அவனிடமிருந்து இறக்கி வைத்துவிட்டார்கள். தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருது. அது அப்பா வேஷத்துக்குக் கிடைத்தது என்பதிலேயே கதை யார் பக்கம் போய்விட்டது என்று தெரிகிறது.

பைண்டு புத்தகப் பிரியை:
எனக்குத் தலைகீழ். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை டிவியில் பார்த்துப் பார்த்து வசனமே மனப்பாடம். அப்புறம்தான் விகடனில் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டு எங்கள் பெரியம்மா வீட்டுப் பரணில் கிடைத்தது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதியது, ஓவியங்கள் கோபுலு. கோபுலு வரைந்த வைத்தி எதிரிலேயே இருக்கிறார், ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் படத்தில் வைத்தியாக நடித்த நாகேஷ் குரல்தான் கேட்கிறது! என்ன செய்ய?

ஒன்றில் மட்டும் படத்துக்கு என் ஓட்டு. கதாநாயகன் சண்முகசுந்தரம் நாதஸ்வரம் எப்படி வாசித்தார் என்று சுப்பு எவ்வளவு எழுதினாலும் நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும். 1968இல் ஏ.பி. நாகராஜன், மதுரை எம்.பி.என். சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களை வாசிக்க வைத்து அதைக் காதிலேயே போட்டுவிட்டார். சிவாஜி கன்னத்தை உப்பி, நரம்பு புடைக்க, வாசிப்பது அவர்தான் என்று நம்ப வைத்தது தனி வித்தை.

மூன்றாம் வரிசை:
முழுசாகப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ‘முள்ளும் மலரும்’ நாவலைக் கடைசிவரை படிக்கவில்லை என்று அதைப் படமாக எடுத்த இயக்குநர் மகேந்திரனே சொல்லியிருக்கிறார். வின்ச் (இழுவை வண்டி) ஆப்பரேட்டர் காளிக்குக் கை போகிற இடம் அவரைப் பிடித்துக்கொண்டது, மீதியை அவரே பார்த்துக்கொண்டார். நாவலை எழுதிய உமாசந்திரனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் தங்கையைக் கட்டப்போகிற இன்ஜினீயரை இப்பவும் பிடிக்கவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிக்கொண்டே அவளை அனுப்பி வைக்கிற காளி, படித்ததை அப்படியே எடுத்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பானா?

அப்புறம், ‘பொன்னியின் செல்வன்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இரண்டாம் பாகம் பார்க்கும்போது பக்கத்து சீட்டு மாமா தன் மனைவியிடம் “இது புஸ்தகத்துல இல்ல, இதுவும் இல்ல” என்று கணக்கெழுதிக்கொண்டே வந்தார். நாவலில் வருகிற மணிமேகலை என்ற பெண்ணைக் காணோம் என்றதும் மனிதர் கொதித்துவிட்டார். எனக்கும் அதில் வருத்தம்தான், ஆனால் டிக்கெட் எடுத்தது இயக்குநர் மணிரத்னத்தின் குரலைக் கேட்க, மாமா குரலை அல்ல.

கோவில்பட்டிக்காரன்:
அந்த மாமா பாவம், கல்கியின் ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடைத்தால் யாராவது வெளியே நிற்கத்தான் வேண்டும். சிறுகதைக்கு இந்தத் தொல்லை இல்லை. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையை வைத்து 2008இல் சசி ‘பூ’ எடுத்தார். கதையில் நாயகி மாரியம்மாவுக்குச் சில பக்கங்கள்தான். படத்தில் அவள் சின்ன வயசு, கூட்டாளி, வேலை எல்லாமே வளர்ந்து வந்தது. அவள் ஆசைப்பட்ட தங்கராசு நன்றாக இல்லை என்று தெரிந்து அவள் உடைந்து அழுகிற அழுகை மட்டும் அப்படியே இருந்தது. நாவலை விட்டுவிட்டு இயக்குநர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் வரலாம். அடுத்து எழுதுகிறவர்கள் சிறுகதையிலிருந்து வந்த படம் ஏதாவது பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.