11 வயது லாப்ரடாரின் கண் முன்தள்ளுகிறது: பின்னால் கட்டியா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
எங்கள் நாயின் இடக்கண் 2 மாதங்களாக மெல்ல முன்தள்ளி வருகிறது. வலி இருப்பதாகத் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். சீழ்க்கட்டியாக இருக்குமா?

பதில் 1:
சீழ்க்கட்டி என்றால் பெரும்பாலும் சில நாட்களிலேயே கண் வீங்கி, வாயைத் திறக்கும்போது நாய் வலியால் அலறும். வயதான நாய்க்கு வலியின்றி மெதுவாகக் கண் முன்தள்ளுவது, கண்குழிக்குள் கட்டி வளர்வதையே அதிகம் சுட்டுகிறது. அங்கே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான் என்பதால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2:
ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். எலும்பு அரிக்கப்பட்டுள்ளதா என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும், கட்டியின் வகையை அறிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை, இமை முழுதாக மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடாதபடி, மருத்துவர் சொல்லும் களிம்பை இட்டுவாருங்கள். எங்கள் நாய்க்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. சில வாரங்களில் அவள் பழையபடி மாடிப்படி ஏறி வந்தாள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலையே அழைத்துச் செல்கிறேன்.