புதுப்பிப்பு: ஊற்றுப்பேனா தளத்துக்கு வாசகர் வரவில்லை என்று புலம்பியிருந்தேனே

நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: ஊற்றுப்பேனா பழுதுபார்ப்பது பற்றி மட்டும் எழுதும் என் தளத்தில் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை, இன்னும் எழுதவா என்று. "எழுதுவதை நிறுத்து, இருப்பதைச் சரிசெய்" என்றவர்கள் சொன்னதுதான் சரி.

கூகுள் சர்ச் கன்சோலில் (நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கருவி) 16 மாதத் தரவு வரை பார்க்கலாம். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, "மை இறங்கவில்லை" என்ற ஒரே தேடலுக்கு என் மூன்று பக்கங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. தேடல் முடிவில் தோன்றியது பல முறை, கிளிக் சொற்பம். மூன்றையும் ஒரே கட்டுரையாக்கி, பழைய முகவரிகளை 301 (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் குறியீடு) மூலம் புதியதற்குத் திருப்பிவிட்டேன். அந்தத் திருப்பலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள், அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். முதல் சில வாரம் ஒன்றும் அசையவில்லை, பயந்தே போனேன். அப்புறம் மெல்ல ஏறியது.

தலைப்புகளையும் மாற்றினேன். "மௌனம் காக்கும் முள்" என்று கவிதையாக வைத்திருந்தேன் (வெட்கம்தான்!). அப்படி யார் தேடுவார்கள்? இப்போது "பேனா முள்ளில் காய்ந்த மையை நீக்குவது எப்படி".

சமூக ஊடகப் பகிர்வு இரண்டு நாள் கூட்டம், மூன்றாம் நாள் வெறிச். மின்னஞ்சல் மடலுக்குச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் திரும்பி வருவது அவர்களே. அவர்கள் அனுப்பும் சந்தேகங்களே அடுத்த கட்டுரைகள்.

விளம்பரம் இன்னும் போடவில்லை. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.