கோயில் படியை 'எரோட்' பண்ணியது யார்?

தெற்குமாசி: தெஸ்கஸ்தார் (தேயவைப்பது) என்ற ஸ்பானிய வினையை ஆங்கிலத்தில் எப்போதும் 'எரோட்' (அரிப்பது) என்றே போடலாமாம், நேற்று இங்கே ஒரு மேதை தீர்ப்பு எழுதியிருக்கிறார். "பக்தர்களின் பாதங்கள் கோயில் படியை எரோட் செய்தன" என்று உதாரணம் வேறு. மீனாட்சியம்மன் கோயில் படியில் வைகை வெள்ளமா புரண்டது? கால் பட்டுத் தேய்ந்தால் 'வேர் அவே'.

வைகைக்கரை: அந்த மேதை நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். எரோட் என்பதற்கு லத்தீனில் கரம்புவது என்று பொருள். எலியைக் குறிக்கும் 'ரோடன்ட்' அதே வேர். எலி என்ன வெள்ளமா?

தெற்குமாசி: அப்போ படியைக் கரம்பியது பக்தர்களா அண்ணே?

ஆனைமலை: ஸ்பானிய அகாதெமி அகராதியில் தெளிவாக இருக்கிறது: தெஸ்கஸ்தார் என்றால் புழக்கத்தாலோ உரசலாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. செருப்புக்கு 'வேர் அவுட்', எதிரியை மெல்ல மெல்லத் தேய்க்கும் போரான 'கெர்ரா தே தெஸ்கஸ்தே'வுக்கு 'வார் ஆஃப் அட்ரிஷன்'. இடத்துக்கு ஒன்று.

தெற்குமாசி: செருப்பை வாசலில் விடுங்கள் சார். கேள்வி படி. காற்றும் நீரும் அரிப்பதற்கு 'எரோசியோனார்' என்று ஸ்பானியர்களே தனி வினை வைத்திருக்கிறார்கள். எரோட் அங்கே போகட்டும்.

வைகைக்கரை: ஆட்சியின் செல்வாக்கு தேய்வதையும் ஸ்பானியப் பத்திரிகைகள் தெஸ்கஸ்தே என்கின்றன, ஆங்கிலத்தில் எரோஷன். அங்கே காற்றா அடித்தது?

தெற்குமாசி: காற்று அடிப்பதே அரசியலில்தானே! படிக்கு வாங்க.

வைகைக்கரை: செல்போன் செயலியில் ஸ்பானிஷ் படித்தவரிடம் பேசி என்ன பயன்?

தெற்குமாசி: ஜிகர்தண்டாவை 'கூல் ஹார்ட்' என்று மொழிபெயர்த்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்வோம். ஜிகர் என்றால் பாரசீகத்தில் ஈரல்.

வைகைக்கரை: உருதுக் கவிதையில் ஜிகர் நெஞ்சுக்கும் வரும். கீழவாசலில் போய் 'குளிர்ந்த ஈரல் ஒன்று' என்று கேட்டுப் பாருங்கள், தருவார்கள்.

புதுமண்டபம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜிகர்தண்டாவில் போடுவது கடல்பாசியா, பாதாம் பிசினா?

ஆனைமலை: பாதாம் பிசின்.

வைகைக்கரை: கடல்பாசி. அகராதி பார்த்தா குடிக்கிறீர்கள்?

ஆனைமலை: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிசின்தான். உங்களுக்கு எதையாவது மறுத்தால்தான் தூக்கம் வரும்.

தெற்குமாசி: பிசினோ பாசியோ, படிக்கு இன்னும் பதில் வரவில்லை. வேர் அவே. கூடலழகர் கோயில் படிக்கும் வேர் அவே.

வைகைக்கரை: எரோட்.

தெற்குமாசி: சரி, இன்று போகிறேன். நாளை திருப்பரங்குன்றம் படியைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதில் எலி தெரிந்தால் சொல்லுங்கள்.