துரியோதனன் பொம்மைக்கு முழங்கை மூட்டு வைப்பது எப்படி?

பாலக்கோட்டான்:
வணக்கம். என்னிடம் 6 அங்குல மல்யுத்த வீரர் பொம்மை ஒன்று இருக்கிறது. பழசு, நல்ல கனம். அதைப் பாரதக் கூத்துத் துரியோதனனாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கிரீடமும் தோளில் நிற்கும் புஜக்கட்டையும் மெல்லிய மரத்தில் செதுக்கி ஜிகினா ஒட்டியாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவன், அதனால் ஒப்புக்குச் செய்ய மனம் வரவில்லை.

கையில்தான் சிக்கல். தோள் மட்டும் சுற்றும், தோளிலிருந்து விரல் வரை ஒரே வார்ப்பு. கதாயுதத்தை இரண்டு கையாலும் பிடித்து நிற்க வேண்டும். போன ஞாயிறு வலது முழங்கையை அறுத்து, காய்ச்சிய ஊசியால் ஓட்டை போட்டுக் குண்டூசி செருகினேன். ஓட்டை கோணலாகப் போய்விட்டது. ஆட்டம் குறையட்டும் என்று ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டேன், மூட்டே இறுகிவிட்டது. இடது கை இன்னும் முழுசாக இருக்கிறது, தொடவே பயம். எதில் தொடங்குவது?

ஓசூர் டூல்ரூம்:
தம்பி, முதலில் அந்தக் காய்ச்சிய ஊசியை விட்டுவிடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், மூச்சுக்கு ரொம்பக் கெடுதல். விரலால் உருட்டும் கை ட்ரில் வாங்குங்கள். காம்பஸ் முனையால் சின்னக் குழி போட்டு, 1 மி.மீ. பிட்டில் தொடங்கி 1.5, 2 என்று ஏறுங்கள். குழி இருந்தால் பிட் வழுக்காது.

அடுத்து, முழங்கை மட்டும் மடங்கினால் உங்கள் வேலை முடியாது. 1982-இல் வந்த 3¾ அங்குல ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கச் சிப்பாய் பொம்மைகளுக்கு முழங்கை மடங்கியது, ஆனால் மேல்கை திரும்பவில்லை. 1983-இல் மேல்கையில் சுழலும் மூட்டு சேர்த்த பிறகுதான் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஒழுங்காகப் பிடிக்க முடிந்தது. கதாயுதத்துக்கும் அதே கணக்குதான். ஆகவே மேல்கையை நேர்குறுக்காக அறுத்து, நட்டநடு மையத்தில் ஒரு பின் போடுங்கள். வெட்டுக்கோடு, மேல்கையில் அணியும் வங்கி என்ற நகைக்கு அடியில் மறைந்துவிடும். கூத்து வேஷம் எடுத்ததில் உங்களுக்கு இது பெரிய வசதி.

முழங்கைக்குக் கவட்டையும் (இரண்டாகப் பிளந்த பக்கம்) நாக்கும் (அந்தப் பிளவுக்குள் நுழையும் துண்டு). மேல்கைப் பக்கம் கவட்டை, முன்கையிலிருந்து நாக்கு. கை 12 மி.மீ. கனம் என்றால் மூன்றாகப் பிரித்து நாக்குக்கு 4 மி.மீ. நாக்கின் முனை வட்டம் பின் ஓட்டையை மையமாக வைத்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி மடங்கியதும் இடிக்கும். கைமடிப்பின் உள்பக்கத்தில் ஒரு ஆப்பு அளவுக்குச் சதையை எடுத்துவிடுங்கள். அதை விட்டால் 90 டிகிரி கிடைக்காது. பின்னுக்கு சைக்கிள் ஸ்போக் துண்டு போதும், என்னிடம் இருந்ததை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், சரியாக 2 மி.மீ. கவட்டையில் இறுக்கமாகவும் நாக்கில் மட்டும் லேசாகச் சுற்றும்படியும் இருக்கட்டும்.

நாக்குக்கு எங்கள் பட்டறையில் விழும் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் துண்டைத்தான் நான் எடுப்பேன். தேயாது, வழவழவென்று ஓடும். பசை மட்டும் பிடிக்காது. அதனால் நாக்கின் வாலில் குறுக்கே ஒரு ஓட்டை போட்டு, முன்கையோடு சேர்த்து இன்னொரு பின் அடித்து, மிச்ச இடைவெளியை எம்-சீல் என்ற பிசைந்து பூசும் எபாக்ஸி பசையால் நிரப்புங்கள். ஒரு ராத்திரி தொடாதீர்கள்.

இறுகிப்போன வலது கையை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து மெதுவாகத் திருகுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வரும்.

காவேரிப்பட்டினம் தையல்பெட்டி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. புஜக்கட்டையைக் கையில் ஒட்டிவிடாதே தம்பி. முதுகிலும் கழுத்தோரத்திலும் பிடிப்பு கொடு, தோள் அதற்கு அடியில் தனியாகச் சுற்றட்டும். என் கர்ணனுக்குக் கையிலேயே ஒட்டிவிட்டு, வில்லைத் தூக்கியதும் கட்டை காதில் இடித்தது. பிரித்து மறுபடி செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அப்புறம், உரசும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்டுக்கு இடம் விடு. நாக்கின் பக்கங்களில் பெயிண்டே வேண்டாம், உரிந்து வரும்.

பாலக்கோட்டான்:
அண்ணா, அக்கா, இரண்டு வாரம் ஆகிவிட்டது. சந்தையில் வாங்கிய பத்து ரூபாய் பொம்மையில் இரண்டு முறை பழகிவிட்டுத்தான் இடது கையை அறுத்தேன். முதல் தடவை ஆப்பு குறைவு, 60 டிகிரியில் நின்றது. மறுபடி சீவியதும் 90 தாண்டி மடங்குகிறது. மேல்கையும் திரும்புகிறது. வெட்டுக்கோடு வங்கிக்குள் போய்விட்டது, அருகில் வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. ஆனால் கதாயுதத்தை வைத்தால் முழங்கை மெல்லக் கீழே இறங்குகிறது.

ஓசூர் டூல்ரூம்:
பின்னை உருவி, அதன் நடுப்பகுதியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பச் செருகுங்கள். ஈரத்தோடு செருகினால் வலது கையின் கதைதான்.

பாலக்கோட்டான்:
பூசினேன் அண்ணா. நேற்று இரவு கதாயுதத்தைக் கொடுத்து அலமாரியில் நிறுத்தினேன். காலையில் பார்த்தேன், வைத்த இடத்திலேயே கை நிற்கிறது. வலது கை இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது.