சரிவில் உருண்ட பந்து: ஏழு கல் ஆட்டத்தை நிறுத்தலாமா, கூடாதா?

லயன் வீட்டு அம்மா:
எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்தால் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை. செலவில்லாமல், எல்லோரும் சேர்ந்து ஓடியாடக்கூடிய ஆட்டங்களைச் சொல்லுங்கள். லயனுக்கு முன்னால் ஒரு குறுகிய முற்றமும், நான்கு கல் படிகளுக்குக் கீழே சரிவான புல்வெளியும் இருக்கின்றன. வேறு இடம் இல்லை.

கோத்தகிரி அப்பா:
அம்மா, முதலில் ஏழு கல்லை மறந்துவிடுங்கள். அது சமவெளிக்காரர்களின் ஆட்டம். நம் சரிவில் எறிந்த பந்து கல்லில் பட்டாலும் படாவிட்டாலும் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போய்விடும். அதைத் தேடி எடுத்து வருவதற்குள் எதிரணி ஏழையும் நிதானமாக அடுக்கி முடித்துவிடும். பந்து மேலே வரும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பதுதான் நியாயம். ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடினால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். கோகோ ஆடச் சொல்லுங்கள். பந்தும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

குன்னூர் விசில்:
பந்து மேலே வரும் வரை ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது எந்த ஊர் வழக்கம் என்பதைக் கோத்தகிரி நண்பர் தயவுசெய்து தெரிவிக்க வேண்டும். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மலைச் சரிவில் பிள்ளைகளை ஆட வைத்தே முடி நரைத்தவன். ஏழு கல்லில் பந்து எங்கே போனாலும் ஆட்டம் நிற்காது. அடுக்கைக் கலைத்த அணி மீண்டும் அடுக்க ஓடுகிறது, மற்ற அணி பந்தை எடுத்து வந்து அவர்களை அடித்து வெளியேற்ற ஓடுகிறது. இந்த இரண்டு ஓட்டமும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் அதற்கு ஆட்டம் என்று பெயர். பந்து உருளும் என்று தெரிந்தால் கீழ்ப்பக்கம் இரண்டு பேரை முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டியதுதானே? அது தெரியாத அணி தோற்கட்டும்.

கோகோவைப் பற்றியும் ஒரு சொல். முறையான களம் 27 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்டது. எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த்திசை பார்த்துக் குந்தியிருக்க, ஒன்பதாமவர் துரத்துவார். ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகளுக்கு, எட்டுப் பேரை உட்கார வைக்கும் ஆட்டத்தைப் பரிந்துரைக்கும் மேதைமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோத்தகிரி அப்பா:
ஐயாவுக்குச் செய்தி இன்னும் மலையேறி வரவில்லை போலும். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த கோகோ உலகக் கோப்பையை அணிக்கு ஏழு பேரை வைத்தே ஆடினார்கள். ஆண்கள், பெண்கள் என இரண்டு கோப்பைகளையும் இந்தியாவே வென்றது. அப்படியிருக்க, முற்றத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆடினால் ஆகாதா? உட்கார்ந்திருப்பவன், துரத்துபவர் முதுகில் தட்டிச் சொல்லும் 'கோ' கேட்டு எந்த நொடியிலும் பாய வேண்டும் என்பதால் அவன் சும்மா உட்காருவதுமில்லை.

அது இருக்கட்டும். பந்து தேயிலைக்குள் போன பிறகும் ஆட்டம் நடக்கிறது என்றால், பந்தைத் தேடுபவன் யாரை அடிப்பான்? தேயிலைச் செடியையா? ஆட்டம் நிற்க வேண்டும்.

மூஞ்சிக்கல்:
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். பந்து உருண்டால் என்ன செய்வது என்று இருவரும் சண்டையிடுகிறீர்கள். மழைக் காலத்துப் புல்லில் குந்தவைத்தால் அட்டை ஏறுமே என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் மாலையானால் காட்டெருமை மைதானத்துக்கே மேய வந்துவிடுகிறது. அது புதரோரம் நிற்கும்போது பந்தை எடுக்கப் பிள்ளையை அனுப்புவீர்களா?

அம்மாவின் படிகளுக்குக் 'கல்லா மண்ணா' மிகவும் பொருந்தும். பிடிப்பவர் மண்ணைக் கேட்டால் புல்வெளி முழுவதும் அவருடையது, மற்றவர்கள் படியில் நிற்க வேண்டும். துணிந்து மண்ணில் இறங்குபவரைத் தொட்டுவிட்டால் அடுத்துப் பிடிப்பவர் அவரே. ஆறு வயதுப் பிள்ளையும் ஆடலாம், பந்து தேவையில்லை.

குன்னூர் விசில்:
கல்லா மண்ணா நல்ல ஆட்டமே; மறுக்கவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து ஏழு கல்லை ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். காட்டெருமை நிற்கும்போது எந்த ஆட்டமும் ஆடக்கூடாது; பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அது ஆட்ட விதி அல்ல, பிழைக்கும் வழி. காட்டெருமை வந்தால் ஆட்டம் நிற்கும், பந்து உருண்டால் நிற்காது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து குழப்புவது கொடைக்கானல்காரர்களின் வழக்கம் என்று நினைக்கிறேன்.

கல் எதுவென்று தெரியாமலும் பலர் பேசுகிறீர்கள். உருண்டைக் கல்லை அடுக்கினால் சரிவில் நிற்காது. மங்களூர் கூரை ஓட்டின் உடைந்த துண்டுகளை எடுத்து, அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, மேலே போகப் போகச் சிறியது, உச்சியில் தீப்பெட்டி அளவில் ஒன்று என்று வைக்க வேண்டும். அடி ஓட்டின் கீழ்ப்பக்க விளிம்புக்கு அடியில் சிறிது மண்ணைத் திணித்துச் சமப்படுத்தினால் அடுக்கு அசையாது. எறிபவரை மேட்டில் நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும்; அப்போது பந்து சரிவோடு ஓடாமல் குறுக்கே போகும். இவற்றைச் செய்யாமல் பந்து உருள்கிறது என்று அழுதால் நான் என்ன செய்ய முடியும்?

மூஞ்சிக்கல்:
கொடைக்கானல்காரர்களின் வழக்கமா? முன்பு இங்கே நடந்த கிட்டிப்புள் விவாதத்தில், புள்ளை வைக்கும் குழியின் நீளத்துக்காக எங்களையெல்லாம் மட்டம் தட்டியவர் இவர்தான், நாங்கள் மறக்கவில்லை. குன்னூரைவிடக் கொடைக்கானல் உயரமான ஊர் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

அடிவாரத்தான்:
பெரியகுளத்திலிருந்து விடுமுறைக்கு மேலே ஏறிவரும் பிள்ளைகளின் தந்தை நான். உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. எங்கள் பிள்ளைகள் வந்த அன்றே பந்துக்காகச் சரிவில் இறங்கி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழைய காலுறைகளைச் சுருட்டித் துணிப்பந்து செய்து ஆடினால் அது உருளவே உருளாதே! உங்கள் சண்டையும் தீரும்.

குன்னூர் விசில்:
துணிப்பந்தா? மார்கழிப் பனியிலோ ஐப்பசி மழையிலோ நனைந்த புல்லில் துணிப்பந்தை ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? நீரைக் குடித்துக் கனத்துவிடும். அதை வைத்து ஒரு பிள்ளையின் முதுகில் அடித்தால் சேறு மட்டுமா ஒட்டும், வலியும் ஒட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதை அடிவாரத்தில் இருப்பவர் அறியாமல் இருக்கலாம். டென்னிஸ் பந்தும் நனையும், ஆனால் உதறினால் நீர் தெறித்துவிடும். அடி முட்டிக்குக் கீழேதான் விழ வேண்டும் என்று முன்பே பேசிக்கொண்டால் அழுகையும் குறையும்.

மூச்சு வாங்கும் பிள்ளையை முதல் இரண்டு நாள் அடுக்கும் அணியில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. பந்து உருண்டாலும் ஆட்டம் நிற்காது என்பதற்கு மட்டும் மாற்று இல்லை.

கோத்தகிரி அப்பா:
ஐயா இப்போது பக்கவாட்டில் எறியச் சொல்கிறார், ஓட்டுக்கு அடியில் மண் திணிக்கச் சொல்கிறார், கீழே இரண்டு பேரைக் காவல் வைக்கச் சொல்கிறார். பந்து உருளாமல் இருக்க இத்தனை ஏற்பாடு செய்பவர், பந்து உருள்வது தொல்லைதான் என்று ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? அந்தத் தொல்லைக்கு நான் சொன்ன வழி ஒற்றை வரியில் அடங்கும்: நடுவர் கையைத் தூக்குவார், ஆட்டம் நிற்கும், பந்து வரும், ஆட்டம் தொடரும்.

குன்னூர் விசில்:
நடுவரா? லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவரை எங்கிருந்து இறக்குமதி செய்வீர்கள்? பிள்ளைகளின் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. சத்தம் பெரிதாக உள்ளவனே நடுவர். ஆட்டத்தை நிறுத்தலாம் என்ற விதியைப் புகுத்திவிட்டால், தோற்கப் போகும் ஒவ்வொரு பையனும் வேண்டுமென்றே பந்தைக் காலால் தட்டிச் சரிவில் விடுவான். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பந்து தேயிலைக்குள் கிடக்கும் அந்த அரை நிமிடம் அடுக்கும் அணிக்குக் கிடைத்த வாய்ப்பு, தேடும் அணிக்கு அது பாடம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓடு பொறுக்கும் வேலை.

லயன் வீட்டு அம்மா:
கல்லா மண்ணாவைப் பிள்ளைகள் நேற்று ஆடினார்கள்; நன்றி. ஆறு வயதுக்காரர்கள் சிலர் சீக்கிரம் பிடிபட்டு அழுகிறார்கள். அவர்களுக்கு வேறு ஏதேனும் உண்டா?

மூஞ்சிக்கல்:
'குலை குலையா முந்திரிக்கா' ஆடச் சொல்லுங்கள் அம்மா. வட்டமாக உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடும் ஆட்டம். குறுகிய முற்றமே போதும். வட்டத்தை விட்டு யாரும் வெளியேற்றப்படுவதில்லை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

குன்னூர் விசில்:
அதிலும் எல்லோரும் உட்கார வேண்டும் என்பதைக் கவனிக்கவும். உட்காரும் ஆட்டங்களில் கோத்தகிரியும் கொடைக்கானலும் கைகோத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

கோத்தகிரி அப்பா:
பேசியது போதும் ஐயா. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளோடு எங்கள் தெருவுக்கு வாருங்கள். கல்லும் பந்தும் நான் வைத்திருக்கிறேன். ஆனால் பந்து உருண்டால் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்துவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

குன்னூர் விசில்:
தாராளமாகத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். நீங்கள் கையை இறக்குவதற்குள் எங்கள் பிள்ளைகள் ஏழையும் அடுக்கியிருப்பார்கள். அந்த ஆட்டம் எங்கள் கணக்கில்தான் சேரும். ஓட்டுத் துண்டுகளை நானே கொண்டுவருகிறேன், உங்கள் உருண்டைக் கல்லை நம்ப முடியாது.

மூஞ்சிக்கல்:
காட்டெருமை வந்தால் யார் கணக்கில் சேரும் என்பதையும் இருவரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.