விமான நிலையத்துக்கு அடியில் ரயில் நிலையம் கட்டினால் போதுமா?

தண்டவாளம்:
ஐந்நூறு கிலோமீட்டருக்குள் விமானமே தேவையில்லை என்பது என் கட்சி. நெடுந்தூர விமானம் பிடிக்க வருகிறவர் அந்த முதல் தூரத்தை அதிவேக ரயிலில் கடக்கட்டும். ஜெர்மனி இதைச் செய்து காட்டிவிட்டது. பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் 1999இல் நெடுந்தூர ரயில்களுக்கென்றே தனி நிலையம் திறந்தார்கள். 2002இல் கொலோனுக்கு அதிவேகப் பாதை வந்தது. 2007இல் ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா அந்த இரு ஊர்களுக்கிடையே விமானம் விடுவதையே நிறுத்திவிட்டது. ரயிலுக்கு விமான எண் போட்டு ஒரே டிக்கெட்டாக விற்கிறார்கள். மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

ஓடுபாதை:
இந்த விவாதம் எங்கே நடந்தாலும் பிராங்க்பர்ட்தான் உதாரணமாக வருகிறது. பிரான்சின் லியோன் விமான நிலையத்தையும் பாருங்கள். கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்து 1994இல் திறந்த அருமையான ரயில் நிலையம் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் ரயில்கள் குறைவு. பல ரயில்கள் ஊருக்குள் இருக்கும் பார்-தியூ நிலையத்துக்குப் போய்விடுகின்றன, மற்றவை நிற்காமல் தெற்கே ஓடுகின்றன. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரயிலை நிறுத்தி எடுத்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் சில நிமிடங்கள் போகும். இறங்குவதற்குப் பத்துப் பேர்தான் என்றால் எந்த ரயில்வே நிறுத்தும்?

தண்டவாளம்:
லியோனிலிருந்து கண்டம் தாண்டும் விமானங்கள் குறைவு, அதனால் ரயிலும் குறைவு. பெரிய மைய நிலையங்களில் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஓடுபாதை:
சரி, பெரிய நிலையத்திலேயே கட்டியாகிவிட்டது. ரயில் தாமதமாகி விமானம் போய்விட்டால் யார் பொறுப்பு? ஐரோப்பாவில் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நிறுவனத்தின் தவறாக இருக்கும்பட்சத்தில், 600 யூரோ வரை நஷ்டஈடு உண்டு. ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம். தனித்தனியாக டிக்கெட் எடுத்தவருக்கு ரயில் கட்டணத்தில் பாதி திரும்பும், கண்டம் தாண்டும் டிக்கெட் வீணாகும். இந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள எந்தப் பயணியும் விரும்பமாட்டார். விமான நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் இது நடக்கும். தன் கையில் இல்லாத ரயிலுக்கு அது ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

நடைமேடை4:
பயணிகளின் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கொலோனிலும் ஸ்டுட்கார்ட்டிலும் ரயில் நிலையத்திலேயே லக்கேஜை ஒப்படைக்கும் வசதி முதலில் இருந்தது, பிறகு நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்த பெட்டியை வேறு யாரும் தொடாதபடி பூட்டிய இடத்தில் கொண்டுபோக வேண்டும். ரயில் ஒரு நிலையத்தில் நிற்பதோ இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் ஏற்றி இறக்க ஆள், வண்டி, தனி அறை எல்லாம் வேண்டும். ஹாங்காங்கில் ஊருக்குள்ளேயே பெட்டியைக் கொடுக்க முடிகிறது என்றால், அந்த ரயில் விமான நிலையத்துக்காகவே ஓடுகிறது. பல ஊர்களைத் தொட்டுப் போகும் அதிவேக ரயிலில் அது முடியாது. குழந்தையும் வயதான அம்மாவும் நான்கு பெட்டிகளுமாக வருகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் மாறினால் பெட்டியைக் கடைசி ஊரில் பார்த்தால் போதும்.

தண்டவாளம்:
பெட்டிக்கு லிஃப்டும் அகலமான பிளாட்பாரமும் இருந்தால் சமாளிக்கலாம், மக்கள் இப்போதும் அப்படித்தான் போகிறார்கள். பொறுப்பு விஷயம் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்வு இல்லாததல்ல. 2022இல் ஜெர்மன் ரயில்வே ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் பங்காளியாகச் சேர்ந்தது. ஒரே டிக்கெட் என்றால், ரயில் தாமதமாகி விமானம் தவறினாலும் அடுத்ததில் இடம் கொடுக்கிறார்கள். தரையிறங்குவது தாமதமானால் ரயில்தான் நல்லது: மணிக்கு ஒன்று ஓடுகிற பாதையில் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம், இணைப்பு விமானத்துக்கோ பாதி நாள் காத்திருக்க நேரும்.

வரைபடம்:
நீங்கள் இருவரும் எந்த விமான நிலையம் என்று கேட்கவே இல்லை. ஷாங்காயில் ஹாங்சியாவ் விமான நிலையமும் பிரம்மாண்டமான அதிவேக ரயில் நிலையமும் 2010 முதல் ஒட்டியே இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலானவை இன்னொரு விமான நிலையமான புடாங்கிலிருந்து கிளம்புகின்றன, அது நகரத்தின் மறுகோடி. ஜப்பானில் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைத் திட்டமிட்டுப் பாதியில் கைவிட்டார்கள். பிரான்சில் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரங்களுக்கு விமானம் கூடாது என்று 2023இல் ஆணை வந்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோவுக்கும் நாந்துக்கும் விமானம் கூடாது என்றானது. வெளிநாட்டு இணைப்பு அதிகம் உள்ள பாரிஸின் இன்னொரு விமான நிலையமான சார்ல் து கோலிலிருந்து அதே ஊர்களுக்குத் தொடர்ந்தது, ஏனென்றால் அங்கிருந்து ரயிலுக்கு இரண்டரை மணி நேரத்தைவிட அதிகம் ஆகும்.

ஓடுபாதை:
அதையேதான் நானும் சொல்கிறேன். இணைப்புப் பயணிக்கு ரயில் சரிவராத இடத்தில் தடையை நீட்டினால், அவர் ரயிலில் ஏறமாட்டார், வேறு நாட்டு விமான நிலையம் வழியாகப் போய்விடுவார்.

தண்டவாளம்:
அப்படியானால் தடைக்கு முன்பு சார்ல் து கோலுக்கு நேரடி ரயில்களைக் கூட்டட்டும். கூடவே, ரயிலும் விமானமும் கலந்த டிக்கெட்டுக்கு முழுப் பயணத்துக்கும் ஒரே நஷ்டஈட்டு விதி வரட்டும். இரண்டையும் செய்த பிறகும் பயணி வரவில்லை என்றால் அப்போது பேசுவோம்.